ஐம்பது கிலோமீட்டர், நாலு பிளேட், முப்பது நிமிஷம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை. பெங்களூர் ஜீவனஹள்ளியில் பால் வண்டிகூட இன்னும் வரவில்லை. காக்ஸ் டவுன் பக்கமிருந்து ஒரு சின்ன வெளிச்சம் மினுக்கிக்கொண்டு வருகிறது, அதன் பின்னால் இன்னும் இரண்டு. ஷட்டர் இறக்கிய கடை ஒன்றின் முன்னால் எட்டுப் பத்துப் பேர் சேர்கிறார்கள். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய ஜெர்ஸி, முதுகுப் பக்கப் பையில் ஸ்பேர் டியூபும் இரண்டு வாழைப்பழமும். ஒருவர் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்க்கிறார். இன்னொருவர் வரவில்லை என்று போன் அடிக்கிறார்கள். பேச்சு தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் வளைந்து, இங்கிலீஷில் முடிகிறது. பெங்களூர் கன்டோன்மென்ட் பையன்கள் எப்போதும் பேசுவது அப்படித்தான்.

மாருதி சேவா நகர் மேம்பாலம், பையப்பனஹள்ளி, பழைய மெட்ராஸ் ரோடு, டின் ஃபாக்டரி, கே.ஆர்.புரம் தொங்குபாலம். பகலில் இந்தப் பாதையில் காரில் போனால் ஒரு பிறவி கழியும். விடிவதற்கு முன் சைக்கிளில் போனால் ரோடே நம்முடையது. சுமார் 25 கிலோமீட்டரில் ஹோஸ்கோட்டை. அங்கே அந்த நேரத்திலும் கூட்டம். கடை வாசலில் வரிசை, அடுப்பிலிருந்து இறக்கிய அண்டா, மூடியைத் திறந்ததும் எழும் ஆவி, இலைத் தட்டில் மட்டன் தம் பிரியாணி. இட்லி வேகும் நேரத்தில் மட்டன் சாப்பிட மனிதர்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் இந்த ஊருக்குத்தான் வர வேண்டும்.

சைக்கிள்கள் சுவரில் சாய்கின்றன. முதல் பிளேட் சத்தமில்லாமல் உள்ளே போகிறது. இரண்டாவதில் பேச்சு வருகிறது. மூன்றாவதைக் கேட்கும் ஆள் ஒவ்வொரு டீமிலும் ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி எழும்: “மச்சா, இன்னும் நாலு பிளேட், அரை மணி நேரம். முடியுமா?” பில் முழுக்க டீம் கட்டும் என்கிறார் ஒருவர். அடுத்த மாசச் சாப்பாடும் என்று ஏற்றிவிடுகிறார் இன்னொருவர். யாரோ போனை எடுத்துத் தட்டுக்கு முன்னால் நிறுத்தி ஸ்டாப்வாட்சைத் தட்டுகிறார்கள். பரிமாறுபவர் “பேடா குரு” (வேண்டாம்பா) என்று சிரித்துக்கொண்டே அடுத்த தட்டை வைத்துவிட்டுப் போகிறார்.

இந்தக் கட்டுரை அந்த ஸ்டாப்வாட்சைப் பற்றியது. ரீல்ஸில், ஓட்டல் விளம்பரத்தில், பொங்கல் விளையாட்டுப் போட்டியில், நண்பர்கள் பிறந்தநாளில் என்று இப்போது எங்கும் ‘ஈட்டிங் சேலஞ்ச்’. உழைத்துப் பசித்தவன் சாப்பிடுகிறான், இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். கேட்டுப் பார்ப்போம்.

சைக்கிள் கூட்டம்

ஜீவனஹள்ளியில் தமிழ் கேட்பதில் ஆச்சரியமில்லை. 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பிரிட்டிஷ் படை பெங்களூருக்கு மாறியபோது, படையோடும் படையைப் பின்தொடர்ந்தும் மெட்ராஸ் மாகாணத்துத் தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய்கள், கட்டட வேலைக்காரர்கள், சரக்கு விற்பவர்கள், சமையல்காரர்கள். 1898-இல் பிளேக் வந்து ஊரைக் கலைத்தபின் ஃபிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகள் எழுந்தன. பிரியாணியும் சமோசாவும் இட்லியும் ஒரே தெருவில் மணக்கும் பகுதி இது. ரம்ஜான் மாதத்தில் ஃபிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டுக்கு ஒருமுறை போனவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

சைக்கிள் பைத்தியம் பிறகு வந்தது. ஐ.டி. வேலைக்காரர்கள் இறக்குமதி சைக்கிள் வாங்க ஆரம்பித்த காலம் அது. 2008-இல் ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ தொடங்கியது. பெங்களூர், மைசூர் பக்கமிருந்து நீலகிரி வரை டிசம்பர் குளிரில் பல நாள் மிதிக்கும் பயணம் அது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்தே ஏறியவர்கள் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், கேட்டுக்கொண்டிருக்கத்தான் வேண்டும். வாரக் கடைசிக்கு நந்தி மலை. கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர், கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டர் ஏற்றம், உச்சியில் மூச்சும் செல்ஃபியும்.

இன்னும் தீவிரமானவர்களுக்கு ‘பிரெவே’ என்ற நெடுந்தூர ஓட்டங்கள் உண்டு. 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்தில், 300-ஐ 20 மணியில், 400-ஐ 27 மணியில், 600-ஐ 40 மணியில் முடிக்க வேண்டும். வழியில் குறித்த இடத்தைக் கடந்ததற்குச் சாட்சியாக டீக்கடை பில்லோ ஏ.டி.எம். சீட்டோ காட்டுவது இதில் சகஜம். அதாவது சைக்கிள் ஓட்டத்துக்கும் ஓட்டல் பில்லுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. எதையும் எண்ணுவார்கள். தூரம், வேகம், ஏற்றம், இதயத்துடிப்பு. ஸ்ட்ராவா செயலியில் ஏறாத ரைடு நடந்ததாகவே கணக்கில்லை. இப்படி எண்ணிப் பழகியவன் தட்டையும் எண்ண ஆரம்பிப்பது அடுத்த படிதான்.

வயிறு வேறு, பசி வேறு

நீண்ட தூரம் மிதித்தவனின் பசி பொய்ப் பசி அல்ல. நம் உடம்பின் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை இருப்பு, ஏறக்குறைய 400, 500 கிராம். கலோரியில் சொன்னால் 2,000-க்கு உட்பட்டது. விடாமல் மிதித்தால் சில மணி நேரத்தில் அது தீர்ந்துபோகும். கை நடுங்கும், கண் மங்கும், சின்ன மேடுகூட மலையாகத் தெரியும். சைக்கிள்காரர்கள் இதை ‘பாங்க்’ ஆகிவிட்டது என்பார்கள். அப்போது கிடைக்கும் ஒரு கடலை மிட்டாய்க்குக் கோயில் கட்டலாம் போலிருக்கும்.

ஆனால் ஹோஸ்கோட்டை பிரியாணிக்காரர்கள் அந்த நிலையில் இல்லை. அவர்கள் மிதித்தது 25 கிலோமீட்டர். இன்னும் 25 பாக்கி.

இதைத்தான் பந்தயம் கட்டும் கூட்டம் மறந்துவிடுகிறது. சேலஞ்ச் நடப்பது ரைடு முடிந்தபின் அல்ல, ரைடின் நடுவில். வயிறு முட்ட அடைத்துக்கொண்டவர் திரும்பவும் சீட்டில் ஏறி, முன்னால் குனிந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, இப்போது விழித்துக்கொண்ட பழைய மெட்ராஸ் ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கும் பி.எம்.டி.சி. பஸ்களுக்கும் நடுவே வீடு திரும்ப வேண்டும். கடுமையாக மிதிக்கும்போது ரத்தம் காலுக்கு ஓடுகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் பாதிக்கும் கீழே குறைந்துவிடலாம். செரிக்க ரத்தம் கேட்கும் வயிறும், மிதிக்க ரத்தம் கேட்கும் காலும் ஒரே நேரத்தில் இழுத்தால் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, வாந்தி. நெய்யும் கொழுப்பும் நிறைந்த மட்டன் பிரியாணி வயிற்றைவிட்டு இறங்கவே பல மணி நேரம் எடுக்கும். கூடவே வரும் கண்ணைச் சொக்கவைக்கும் தூக்கத்துக்கு ஹைவேயில் யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

----------
பெட்டிச் செய்தி: மிதித்ததும் தின்றதும்

சுமார் 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் 50 கிலோமீட்டர் ஓட்டினால் செலவாவது ஏறக்குறைய 1,000 முதல் 1,200 கலோரி.

ஒரு பிளேட் மட்டன் பிரியாணி, அளவைப் பொறுத்து, சுமார் 600 முதல் 900 கலோரி. போக வர மொத்த ரைடும் ஒன்றரைப் பிளேட்டோடு சரியாகிவிடும்.

நந்தி மலை போய் வந்தால், 120 கிலோமீட்டருக்கு 2,500 முதல் 3,000 கலோரி வரை.

‘டூர் டி பிரான்ஸ்’ வீரர் ஒரு நாளில் 5,000 முதல் 8,000 கலோரி வரை சாப்பிடுகிறார். காலை தொடங்கி இரவு வரை பிரித்துப் பிரித்து. சீட்டில் இருக்கும்போது மணிக்கு 90 கிராமும் அதற்கு மேலும் மாவுச்சத்து எடுக்க அவர்கள் வயிற்றுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள்.
----------

பரோட்டாவிலிருந்து புல்லட் வரை

நம்மூரில் இந்த விளையாட்டுக்கு ஒரு முகம் உண்டு என்றால் அது சூரியின் முகம். 2009-இல் வந்த சுசீந்திரனின் ‘வெண்ணிலா கபடி குழு’வில் ஐம்பது பரோட்டா பந்தயம். கடைக்காரர் கணக்கில் கைவைக்க, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து சாப்பிடுகிறேன் என்று உட்கார்ந்த அந்த ஒரு காட்சி ஒரு நடிகருக்கு ‘பரோட்டா சூரி’ என்ற பட்டத்தையே வாங்கிக் கொடுத்தது. கவனியுங்கள், அதுவும் ஒரு விளையாட்டு அணியின் கதைதான். டீம் இருந்தால் அதில் ஒரு தீனிக்காரர் இருப்பார். அவரைக் கிண்டல் செய்வதும் கொண்டாடுவதும் ஒன்றாகவே நடக்கும். அதற்கும் முன்னால் 1957-இல் ‘மாயாபஜார்’ கடோத்கசனாக எஸ்.வி.ரங்காராவ் கல்யாண விருந்தைத் தனியாகக் காலி செய்ததைத் தாத்தா பாட்டிகள் இன்றும் கண்ணில் நீர்வரச் சிரித்துச் சொல்வார்கள். அதிகம் தின்பவனைப் பார்த்து நமக்கு வருவது வெறுப்பு அல்ல, குதூகலம். இதை ஒப்புக்கொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

அந்தக் குதூகலத்தை ஓட்டல்கள் கண்டுகொண்டன. புனே அருகே வட்காவ் மாவலில் உள்ள ஷிவ்ராஜ் ஓட்டல், 2021 தொடக்கத்தில், கொரோனாவில் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரத்தில், ‘புல்லட் தாலி’ என்று ஒன்றை அறிவித்தது. மட்டனும் மீனுமாக நாலு கிலோ உணவு. தனி ஆளாக 60 நிமிடத்தில் முடித்தால் ராயல் என்ஃபீல்டு புல்லட் பரிசு. வாசலில் வரிசையாகப் புல்லட்டுகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். தாலியின் விலை 2,500 ரூபாய். நாடு முழுக்க அந்த ஓட்டலின் பெயர் பரவியது. ஒரு பைக்கின் விலைக்கு அப்படி ஒரு விளம்பரம் எந்த ஏஜென்சியிலும் கிடைக்காது.

அமெரிக்காவில் இது பழைய வித்தை. டெக்சஸ் மாநிலம் அமரில்லோவில் ‘பிக் டெக்சன்’ என்ற ஸ்டீக் கடை 1960-லிருந்து இதே சவாலை வைத்திருக்கிறது. இரண்டு கிலோ மாட்டிறைச்சி, கூடவே உருளைக்கிழங்கு, சாலட், ரொட்டி, இறால். ஒரு மணி நேரத்தில் முடித்தால் இலவசம். ஆனால் பணத்தை முன்னாலேயே கட்டிவிட வேண்டும். எல்லோரும் பார்க்கும் மேடையில் உட்கார வேண்டும். தோற்றவர்களின் காசு கல்லாவில், வேடிக்கை பார்க்க வந்தவர்களின் காசும் கல்லாவில்.

கோவை, வாளையார்

2024 ஆகஸ்ட் 28. கோவை ரயில் நிலைய வளாகத்தில் பழைய ரயில் பெட்டியை ஓட்டலாக மாற்றியிருந்த ‘போச்சே ஃபுட் எக்ஸ்பிரஸ்’ ஒரு போட்டி வைத்தது. அரை மணி நேரத்தில் ஆறு பிரியாணி சாப்பிட்டால் ஒரு லட்சம் ரூபாய். நாலு சாப்பிட்டால் 50,000, மூன்று சாப்பிட்டால் 25,000. நூற்றுக்கணக்கில் ஆட்கள் திரண்டார்கள், கேரளாவிலிருந்தும் வந்தார்கள். எல்லோரும் விளையாட்டுக்கு வரவில்லை. குழந்தையின் தேவைக்குப் பணம் வேண்டும் என்று வந்து இலைமுன் உட்கார்ந்த தகப்பனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது சிரிப்பு நின்றுபோனது. ஒரு லட்ச ரூபாய்க்குத் தன் வயிற்றைப் பணயம் வைப்பவனுக்கு அது சேலஞ்ச் அல்ல.

போலீஸ் வழக்குப் போட்டது. எதற்காக? அனுமதியில்லாமல் கூட்டம் கூட்டிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்ததற்காக. உள்ளே நடந்தது யாரையும் உறுத்தவில்லை. ரோட்டில் வண்டி நின்றதுதான் உறுத்தியது.

பதினேழே நாள். செப்டம்பர் 14, ஓணத்துக்கு முந்தைய நாள். கோவையிலிருந்து எல்லையைத் தாண்டினால் வாளையார். அங்கே ஓணக் கொண்டாட்டத்தில் இட்லி தின்னும் போட்டி. 49 வயது லாரி டிரைவர் ஒருவர் கலந்துகொண்டார். இட்லி தொண்டையில் அடைத்தது. கூடியிருந்தவர்கள் எடுக்கப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைக்கவில்லை. நோயாளிக்கும் பால்குடி மறந்த குழந்தைக்கும் நாம் கொடுக்கும், உலகத்திலேயே சாதுவான பலகாரமான இட்லி ஒரு மனிதனைக் கொன்றது.

இதற்கு முன்னும் நடந்திருக்கிறது. 2019 நவம்பரில் உத்தரப்பிரதேசம் ஜான்பூரில் 2,000 ரூபாய் பந்தயத்துக்கு 50 முட்டை சாப்பிடப் புறப்பட்டவர் நாற்பதைத் தாண்டியதும் சரிந்து விழுந்து இறந்தார். தின்பதில் மட்டுமா? 2025 ஏப்ரலில் கோலார் மாவட்டம் முல்பாகல் பக்கம் 21 வயது இளைஞர் 10,000 ரூபாய் பந்தயத்துக்காக ஐந்து பாட்டில் மதுவைத் தண்ணீர் கலக்காமல் குடித்து உயிர்விட்டார். முல்பாகல், நம் சைக்கிள்காரர்கள் போகும் அதே பழைய மெட்ராஸ் ரோட்டில், ஹோஸ்கோட்டையைத் தாண்டிக் கிழக்கே இருக்கிறது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாளையாரில் கொன்றது இட்லியின் எண்ணிக்கை அல்ல, வேகம். பத்து இட்லி சாப்பிடுபவர்கள் நம்மில் உண்டு, எந்த மெஸ்ஸிலும் பார்க்கலாம். மென்று, சாம்பாரில் ஊறவைத்து, நடுவில் அரட்டையடித்துச் சாப்பிட்டால் பத்தாவது இட்லியும் சமர்த்தாக உள்ளே போய்விடும். விழுங்குவதும் மூச்சு விடுவதும் தொண்டையில் ஒரே வாசலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. விழுங்கும் நொடியில் மூச்சுக்குழல் மூடிக்கொள்ள வேண்டும். மெல்லாத கவளம், அவசரம், நடுவில் சிரிப்பு, சுற்றி நின்று கத்துபவர்களுக்கு ஒரு பதில் என்று எல்லாம் சேர்ந்தால் அந்த ஒழுங்கு தவறிவிடுகிறது. அடைத்துக்கொண்டால் மூளைக்கு ஆக்சிஜன் போக மிச்சமிருப்பது சில நிமிடங்கள்தான்.

----------
பெட்டிச் செய்தி: தொண்டையில் அடைத்தால்

இருமுகிறாரா, பேசுகிறாரா? இருமவிடுங்கள். முதுகில் தட்ட வேண்டாம், தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

இருமல் வரவில்லை, பேச்சு வரவில்லை, கை தொண்டையைப் பிடிக்கிறது என்றால் முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள்.

வெளியே வரவில்லையா? பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கைகொடுத்து, தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் வயிற்றை விட்டுவிட்டு நெஞ்சில் அழுத்த வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே தள்ளிவிடும். நினைவு தப்பினால் தரையில் படுக்கவைத்து நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்குங்கள். இன்னொருவர் 108-க்கு அடிக்கட்டும்.
----------

ஒரு கப்பல்படைத் தளபதியின் கடைசி விருந்து

அடைத்துக்கொள்வது ஒரு ஆபத்து. வயிறு நிரம்பி வழிவது இன்னொன்று.

நம் இரைப்பை ஒன்று, ஒன்றரை லிட்டர்வரை சௌகரியமாக விரியும். போதும் என்ற செய்தி மூளைக்குத் தெளிவாகப் போய்ச் சேர 15, 20 நிமிடம் ஆகும். அரை மணி நேரப் பந்தயத்தின் சூட்சுமமே இதுதான். அந்தச் செய்தி வருவதற்குள் பாதியை உள்ளே தள்ளிவிட வேண்டும். வந்தபின் அதைக் கேட்காதது போல் இருக்க வேண்டும். வயிறு சொல்வதைக் கேட்டால் பந்தயம் போச்சு, கேட்காவிட்டால் வயிறு போச்சு.

வாந்தி வந்தால் போயிற்று, சரியாகிவிடும் என்பார்கள். பெரும்பாலும் சரிதான். எப்போதும் அல்ல. ஹாலந்தின் மருத்துவர் ஹெர்மன் போயர்ஹாவே 1724-இல் ஒரு நோயாளியின் கதையை எழுதி வெளியிட்டார். கப்பல்படைத் தளபதி ஒருவர் வயிறாரத் தின்றார், பிறகு பாரம் தாங்காமல் மருந்து குடித்து வாந்தியெடுக்கப் பார்த்தார். அந்த முக்கலில் உணவுக்குழாயே கிழிந்தது, இறந்துபோனார். இன்றும் உணவுக்குழாய் அப்படிக் கிழிவதற்கு மருத்துவப் புத்தகங்களில் போயர்ஹாவேயின் பெயர்தான். அபூர்வம், ஆனால் சிகிச்சை தாமதமானால் உயிரை எடுத்துவிடும். அளவு மீறித் தின்றபின் திடீரென்று நெஞ்சில் கத்தி குத்துவது போல வலி வந்தால், கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பது தவறு.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 4 அன்று ‘நேதன்ஸ்’ ஹாட் டாக் போட்டி. 2001-இல் ஜப்பானிலிருந்து வந்த ஒல்லியான டக்கேரு கோபயாஷி 12 நிமிடத்தில் 50 ஹாட் டாக் தின்றார். அதுவரை இருந்த சாதனையைப்போல இரண்டு மடங்கு. பன்னைத் தனியாகப் பிரித்துத் தண்ணீரில் நனைத்து அமுக்கி விழுங்குவது அவர் கொண்டுவந்த உத்தி. 2021-இல் ஜோயி செஸ்ட்னட் 10 நிமிடத்தில் 76 தின்றார்.

எப்படி முடிகிறது? 2007-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு தொழில்முறைத் தீனிக்காரரையும் ஒரு சாதாரண ஆளையும் எக்ஸ்ரே முன் உட்காரவைத்து ஹாட் டாக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண ஆள் ஏழோடு கையெடுத்துக் கும்பிட்டார். தீனிக்காரர் 36-ஐ உள்ளே தள்ளினார். அவருடைய இரைப்பை அசைந்து அரைக்கவே இல்லை, தொளதொளப்பான பைபோல விரிந்துகொண்டே போனது. இப்படியே போனால் பிற்காலத்தில் வயிறு தன் வேலையையே மறந்துவிடலாம் என்று எச்சரித்தார்கள். 2024-இல் கோபயாஷி ஓய்வை அறிவித்தார். பசி என்பதே தனக்குத் தெரிவதில்லை என்றார்.

அந்தப் போட்டிகளில்கூட மருத்துவ உதவியாளர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். வீட்டில் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டாம் என்று அமைப்பாளர்களே சொல்கிறார்கள். நம் கோயில் திருவிழாப் போட்டியில் பக்கத்தில் நிற்பது மைக் செட்காரர்.

யார் பார்க்கிறார்கள் என்பதற்காக

தட்டுக்கு முன்னால் நிறுத்திவைத்த போனுக்கு வருவோம். முன்பெல்லாம் பந்தயம் நாலு பேருக்கு நடுவில் நடந்து, நாலு பேரின் சிரிப்போடு முடிந்தது. இப்போது முடிவதில்லை. தோற்றால் வீடியோ இருக்கிறது. ஐந்தாவது பிளேட்டில் எழுந்துவிடலாம் என்று நினைப்பவனைக் கேமரா உட்காரவைக்கிறது. தென்கொரியாவில் கேமரா முன் தின்றுகாட்டும் ‘முக்பாங்’ கலாசாரம் 2010 வாக்கில் கிளம்பி உலகம் முழுக்கப் பரவியது. தமிழிலும் அதற்கு லட்சக்கணக்கான ரசிகர்கள். சீனா 2021 ஏப்ரலில் உணவு விரயத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்து, அளவுமீறித் தின்னும் வீடியோக்களைத் தயாரித்துப் பரப்பும் நிறுவனங்களுக்கு ஒரு லட்சம் யுவான்வரை அபராதம் என்றது. அவர்களுக்கு உணவு வீணாவது கவலை. நான் அப்படி ஒரு தடையைக் கேட்கவில்லை. தின்பதைச் சட்டம் போட்டு அடக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் ஓட்டல்காரர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. பெரிய தட்டு வைப்பதில் தப்பில்லை. நாலு கிலோ தாலியை நாலு பேர் பகிர்ந்து சாப்பிடலாம், மிஞ்சினால் பார்சல் கட்டலாம். குற்றம் அந்தத் தட்டின் பக்கத்தில் வைக்கும் கடிகாரத்தில் இருக்கிறது. பரிசை நேரத்தோடு கட்டும்போது, மெல்லாமல் விழுங்கு என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட்டு, மேஜைப் பையன்களில் ஒருவனுக்குக்கூடத் தொண்டை அடைப்பு முதலுதவி கற்றுக்கொடுக்காமல் போட்டி வைப்பது என்ன நியாயம்?

சைக்கிள்காரர்களின் பழைய பழக்கம்

டூர் டி பிரான்ஸில் ஒருகாலத்தில் வழியில் உதவி வாங்க ஏகப்பட்ட கட்டுப்பாடுகள். 1960-கள்வரை, வெயிலில் நாக்கு வறண்டதும் அணியின் உதவி வீரர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு வழியிலிருக்கும் கஃபேக்குள் பாய்வார்கள். தண்ணீர், பீர், ஒயின், கைக்குக் கிடைத்த பாட்டிலை ஜெர்ஸிக்குள் திணித்துக்கொண்டு ஓடிவந்து, மிதித்துப் பிடித்து, தலைவனுக்குக் கொடுப்பார்கள். கடைக்காரர் பின்னாலேயே கத்திக்கொண்டு வருவார். ஓட்டல் மேஜையைச் சூறையாடுவதில் சைக்கிள் அணிகளுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு என்பதற்காக இதைச் சொன்னேன். ஒரே ஒரு வித்தியாசம். அவர்கள் கொள்ளையடித்தது இன்னொருவனுக்காக.

பெங்களூர் குழுக்களிடமும் அந்தக் குணம் இருக்கிறது. வாரக் கடைசி ரைடுகளில் பலவற்றை ‘நோ டிராப்’ என்று அறிவிப்பார்கள், யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பங்சர் ஆனால் எல்லோரும் நிற்பார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் ‘ஸ்வீப்’ என்று ஒருவர் வருவார். வேகமாக ஓட்டத் தெரிந்த ஆள்தான், ஆனால் மெதுவாகப் போகிறவனுக்குத் துணையாக வேண்டுமென்றே பின்தங்குவார். முன்னால் போகிறவர் ரோட்டுப் பள்ளத்தைக் கைகாட்டுவார், அதைப் பார்த்துப் பின்னால் வருபவரும் காட்டுவார், கடைசி ஆள்வரை அந்தக் கை போய்ச் சேரும். காற்றை மாறி மாறித் தாங்குவார்கள்.

இதே டீம் மேஜையில் உட்கார்ந்ததும் எப்படி மாறிப்போகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ரோட்டில் ‘குழி, குழி’ என்று கத்தியவர்கள், இங்கே குழியைப் பார்த்துக்கொண்டே “போ மச்சா, போ” என்கிறார்கள். அதிகம் சாப்பிடுபவர் என்ற பெயர் விழுந்தவருக்கு அதிலிருந்து தப்ப வழியில்லை. அவர் குண்டாக இருந்தால் கிண்டல் ஒரு விதம், ஒல்லியாக இருந்தால் இன்னொரு விதம். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருக்கிறதா என்று கேட்பவர் யாருமில்லை. ஐ.சி.எம்.ஆர். நடத்தி 2023-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். எடை குறைக்க, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க சைக்கிள் வாங்கியவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். டாக்டர் சொல்லி மிதிக்க வந்தவரை நண்பர்கள் சொல்லித் தின்னவைக்கிறார்கள்.

ரைடு கேப்டன்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹோஸ்கோட்டைக்குப் போங்கள், பிரியாணியும் சாப்பிடுங்கள், இரண்டு பிளேட் கேட்பவருக்கு இரண்டு வாங்கிக் கொடுங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, டீ குடித்துவிட்டு ஏறுங்கள். யாராவது பந்தயம் என்று ஆரம்பித்தால் ஸ்டாப்வாட்சைத் தட்டும் போனை முதலில் வாங்கி உங்கள் பைக்குள் போடுங்கள். கிளம்பும் முன் ஹெல்மெட், விளக்கு, ஸ்பேர் டியூப் இருக்கிறதா என்று சரிபார்க்கிறீர்கள். தொண்டையில் அடைத்தால் என்ன செய்வது என்று டீமில் இரண்டு பேருக்காவது தெரியுமா என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால், இந்த இதழின் அந்தப் பெட்டிச் செய்தியைக் கத்தரித்து டூல் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.